பழத்துக்கு நேரே டிக் இல்லாத ஒரு படிவம்

போன வாரம் நான் வேலை பார்த்த ஃபுட்பால் கிளப்பிலிருந்து போன் வந்தது. பேசியது நிவேதா, இப்போது என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண். கெட்டிக்காரி. நான் அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு வந்த ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

“சார், ரிலீஸ் ஃபாரத்துல கடைசியா ஒரு லிஸ்ட்டு இருக்குதுங்க. ஜெர்சி, பூட்ஸ், ரூம் சாவி, டாக்டர், சாப்பாடு. இதெல்லாம் புரியுதுங்க. அதுக்குக் கீழ ‘பழம்’னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, அது என்னங்க சார்?”

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. “எல்லா ஃபாரத்துலயும் பழத்துக்கு நேரா டிக் இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணுல மட்டும் இல்லீங்க. மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் அம்மணி என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் எதிர்பார்த்தது ஒரு வரிப் பதில். நான் நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு படிவத்தில் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் தப்பு என்று உடனே சொல்வேன். எந்த இடத்தில் தப்பாகிப் போனது என்று கேட்டால்தான் எனக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை.

சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூர் மில் ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க்காக நுழைந்தவன் நான். யார் எந்த ஷிப்டு, யார் லீவு என்று எழுதுகிற வேலை. மில்லுக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. குழந்தைவேலுவுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டீமின் வருகைப் பதிவையும் என் தலையில் கட்டினார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று பிடிபடவே எனக்கு நாலு வருடம் ஆயிற்று. பிடிபட்டதா என்று இன்றைக்குக் கேட்டாலும் தலையைச் சொறிவேன். அப்புறம் மில் டீம் கிளப் ஆயிற்று, கிளப் பெரிய லீகுக்குப் போயிற்று, நான் டீம் மேனேஜர் ஆனேன். கோச் ஆட வைப்பார், டாக்டர் காலைப் பார்ப்பார். புது ஆட்கள் வருவதற்கு முன்னால் வேண்டாத ஆட்களைத் தாட்டி விடுவது என் வேலை. எங்கள் பக்கம் அனுப்பிவிடுவதை அப்படித்தான் சொல்வோம்.

வேண்டாத ஆள் எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். எல்லாம் எங்கள் எம்.டி.யின் தங்கமான குணத்தால் வந்த வினை. பம்ப் கம்பெனி நடத்துகிற சிநேகிதர் தன் அக்கா மகனைக் கூட்டி வருவார். கோயில் கமிட்டிக்காரர் ஒருவனைக் கூட்டி வருவார். எம்.டி.க்கு ஒருத்தர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வராது. “வரச் சொல்லுங்க, ஆடட்டும்” என்பார். முப்பது பேரைத்தான் பதிவு செய்யலாம் என்று லீகில் ஒரு விதி வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். எங்கள் ஹாஸ்டலிலோ முப்பத்தாறு பேர் முட்டை தின்றுகொண்டிருப்பார்கள். ஆறு பேர் பதிவே இல்லாமல் பயிற்சி மட்டும் செய்வார்கள். யார் பதிவில் இருக்கிறார், யார் இல்லை என்று சமயத்தில் எனக்கே குழம்பும்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் ஆபீஸ் மேஜையில் அட்டைகளைப் பரப்புவேன். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, போட்டோ ஒட்டியது. எம்.டி. காலை பத்து மணிக்கு வருவார். செருப்பைக் கழற்றும்படி யாரும் சொன்னதில்லை, ஆனால் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். உட்கார மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அட்டைகளை ஒருமுறை சுற்றி வருவார். நான் மோர் கொடுப்பேன், பாதி குடிப்பார். பிறகு ஒற்றை விரலால் ஒரு அட்டையைக் கவிழ்த்து வைப்பார். பெயர் சொல்ல மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். “பாத்துக்குங்க குழந்தைவேலு” என்பார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். “ஏனுங்க குழந்தைவேலு, அவன் நம்மகிட்ட வந்தப்ப அவிங்க ஊட்டுக்குப் போய்த்தான கேட்டோம்? போகச் சொல்றதும் ஊட்டுக்குப் போய்த்தான் சொல்லோணும். பெரியவிங்க இருக்கற எடத்துக்கு வெறுங்கையோட போகாதீங்க. அடுத்து எங்க போவான்னு ஒரு எடம் பாத்துப்போட்டுத்தான் போகோணும்” என்பார். அதனால் பழம். காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பழக்கடையில் ஆப்பிள், மாதுளை, சாத்துக்குடி, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று ஒரு பை நிறைய வாங்குவேன். பையின் அடியில் அவன் கையெழுத்துப் போட வேண்டிய ரிலீஸ் படிவம் இருக்கும், மேலே பழம் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் நேராக விஷயத்துக்கு வருகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. மழை எப்படி என்று கேட்பேன். தேங்காய்க்கு விலை விழுந்ததா என்று கேட்பேன். அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி என்று விசாரிப்பேன். சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிடுவேன். கை கழுவி வந்த பிறகு, “தம்பி இன்னொரு எடத்துல இதைவிட நல்லா வருவாருங்க” என்று தொடங்குவேன். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். வேண்டாம் என்ற சொல்லை நான் ஒரு வீட்டிலும் உச்சரித்ததில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

வீட்டுக்காரர்களுக்குத்தான் கடைசியில் தெரியும். ஆட்டக்காரர்களுக்குப் பழத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். “மேனேஜர் காந்திபுரத்துல மாதுளை பொறுக்கிட்டிருக்கார்டா” என்று எவனாவது பார்த்துவிட்டால் போச்சு, நான் பஸ் ஏறுவதற்குள் ஹாஸ்டல் முழுக்க முகம் செத்துப் போயிருக்கும். லீவில் வீட்டுக்கு வந்திருந்த ஒருத்தன் நான் பையோடு வருவதைப் பார்த்துவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்து மாட்டுக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டான். அவனுடைய அப்பாவே தேடிப் பிடித்து, “மேனேஜர் பழத்தோட வந்திருக்காரு, மருவாதை தெரியாதவன்” என்று இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். பாவம், மனிதர் நல்ல செய்தி என்று நினைத்திருந்தார்.

இப்போது நிவேதா கேட்ட படிவத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் ஜோஸ் என்று கேரளத்திலிருந்து புதுக் கோச் வந்திருந்தார். அவருக்கு நான்கு புது ஆட்கள் வேண்டும், பதிவில்லாத ஆள் ஒருத்தரும் ஹாஸ்டலில் இருக்கக் கூடாது. முப்பத்தாறோடு நான்கு சேர்ந்தால் நாற்பது. ஆக, பத்துப் பேரைத் தாட்டி விட வேண்டும். எம்.டி. ஒன்பது அட்டைகளைத்தான் கவிழ்த்தார். பத்தாவது அட்டைக்கு அவருக்கு விரல் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். நான் ஒன்பது பேரின் வீட்டுக்கும் போய் வந்தேன். ஒருவன் திருச்சூர் கிளப்புக்குப் போனான், ஒருவன் ரயில்வேயில் சேர்ந்தான், மாட்டுக்கொட்டகைக்காரன் மேலே படிக்கப் போனான், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வழி பண்ணியாயிற்று. கடைசி நாளும் வந்தது. மாலை ஐந்து மணிக்கு லீகின் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிடும். அதற்குள் கையெழுத்துப் போட்ட படிவத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் பழைய பெயர் மங்கும், மங்கினால்தான் புதுப் பெயரை அது வாங்கும். கோச் கேட்ட ஸ்ட்ரைக்கர் ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு எம்.டி. வந்து மோரைக்கூடத் தொடாமல் ஒரு அட்டையைக் கவிழ்த்தார். பூபதி. லெஃப்ட் பேக். ஏழு வருடமாக எங்களோடு இருந்தவன். வலது முழங்கால் போன வருடமே பேச ஆரம்பித்திருந்தது.

“எடம் ஒண்ணும் பாக்கலீங்களே” என்றேன்.

“பொறவு பாத்துக்கலாமுங்க” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவருடைய வழக்கத்தை அவரே மீறியது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

பழம் வாங்கிக்கொண்டு தொண்டாமுத்தூருக்கு ஜீப்பில் போனேன். பூபதி முந்தின நாள்தான் வீட்டில் வேலை இருக்கிறது என்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். தோப்புக்குள் நுழைந்ததும் வாழை இரண்டு வரிசை சாய்ந்து கிடந்தது. யானை வந்து போயிருக்கிறது. அதைத் தாண்டி வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன. கோலம் பெரிதாக இருந்தது.

பூபதிதான் முதலில் என்னைப் பார்த்தான். வேட்டி சட்டையில் இருந்தான். அவன் கண் என் முகத்துக்கு வரவில்லை, நேராகப் பைக்குப் போயிற்று. அந்த முகம் மாறியதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அவன் அம்மா ஓடி வந்தார். “வாங்க வாங்க மேனேஜர் சார்! இவனை ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேனுங்க, சொல்லவே இல்லைனு நெனச்சேன். சொல்லியிருக்கான் பாருங்க! பழமெல்லாம் எதுக்குங்க!” என்று பையை வாங்கிக்கொண்டார். நான் விடாமல் பிடித்தேன். அடியில் படிவம் இருக்கிறதே! படிவத்தை மட்டும் உருவி மடித்துச் சட்டைக்குள் செருகினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. பழத்தைக் கொண்டுபோய்த் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில், அழகாக அடுக்கினார். அன்னூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். கிளப் பழத்தை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். பெண்ணின் சித்தி என் மாதுளையை உரித்துத் தின்றார்.

என்னை நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தட்டு நிறையக் கேசரி. பெண்ணின் தாய்மாமன், பெரிய மீசைக்காரர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, மாப்பிள்ளை உங்ககிட்ட ஏழு வருசமுங்களாமா?”

“ஆமாங்க.”

“இனியும் உங்ககிட்டத்தானுங்களா?”

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பூபதி தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா கையில் காப்பித் தட்டோடு நின்றார். என் சட்டைக்குள் காகிதம் குத்தியது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இருந்தது. ஆனால் முப்பது வருடமாக நேரான பதில் சொல்லிப் பழகாத வாய்.

“பின்ன, வேற எங்கீங்க போறாரு?” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. மீசைக்காரர் தலையாட்டினார், திருப்தி என்று நான் எடுத்துக்கொண்டேன். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பூபதி என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனான். அங்கே யாருமில்லை.

“பேப்பரைக் குடுங்க சார். போட்டுத் தாரேன்.”

“என்ன கண்ணு பேசற? உள்ள எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டேனே!”

“நீங்க மருவாதைக்குச் சொன்னீங்க. எனக்குத் தெரியாதுங்களா? பழத்தைப் பாத்தப்பவே தெரியுமுங்க. குடுங்க, மணியாச்சு. பொண்ணு ஊட்டுல நான் சொல்லிக்கறேன்.”

அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கொடுத்திருந்தால் எல்லாம் முறையாக முடிந்திருக்கும். ஆனால் நான் பொய்யனாகிவிடுவேனே! நான் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்ன வார்த்தை, ஒரு மணி நேரத்தில் பொய்யாகிவிடுமே! அவன் கல்யாணத்துக்காகப் பயந்தேனா, என் வார்த்தைக்காகப் பயந்தேனா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று சில நாள் தோன்றும், அப்போது என்மேல் எனக்கே எரிச்சலாக வரும்.

எம்.டி.க்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“சேரீங்க. அப்ப வேற பாருங்க.”

“யாருங்க?”

“நீங்களே பாருங்க குழந்தைவேலு.” போனை வைத்துவிட்டார்.

ஆபீஸுக்கு வந்து சேரும்போது மணி நாலு. வழியில் ஒரு லாரி கவிழ்ந்து ஒரு மணி நேரம் போயிற்று. பூபதியின் அட்டையை நிமிர்த்தி வைத்தேன். அட்டைகளைச் சுற்றி நானே நடந்தேன். அதுவரை ஒரு அட்டையைக்கூட என் கையால் கவிழ்த்ததில்லை. யார் நன்றாக ஆடுகிறான், யார் ஆடவில்லை என்றெல்லாம் நான் யோசித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆட்டமும் தெரியாது. நான் யோசித்தது வீடுகளை. இவன் வீடு பொள்ளாச்சி, போய் வர நேரமில்லை. இவன் அப்பாவுக்கு இப்போதுதான் ஆபரேஷன் ஆயிற்று. இவனைச் சேர்த்துவிட்டவர் எம்.டி.யின் சம்பந்தி. இப்படியே வந்து ஒரு அட்டையில் நின்றேன். ரோஷன், மூன்றாவது கோல்கீப்பர். ஊர் ஜார்க்கண்ட் பக்கம். ரயிலில் இரண்டு நாள். இங்கே அவனுக்கு வீடென்று ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் கட்டில்தான் வீடு. என் ஆபீஸிலிருந்து நூறு அடி.

கவிழ்த்துவிட்டேன்.

ரோஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழை அவன் கேண்டீனில் கற்றுக்கொண்டான். அங்கே பரிமாறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எதற்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’ போடுவான். பந்தைப் பிடித்துவிட்டு டிஃபென்டர்களைப் பார்த்து, “தள்ளிப் போங்க! தள்ளிப் போங்க!” என்று மரியாதையாகக் கத்துவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். மூன்று வருடத்தில் அவன் ஆடியது இரண்டே ஆட்டம். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து கையுறைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான். புதுப் படிவத்தை நீட்டினேன்.

“ரோஷன், ஒரு கையெழுத்து கண்ணு. லீகுக்கு அனுப்போணும்.”

சட்டென்று எழுந்தான். கையை டவலில் துடைத்தான். படிக்கவில்லை. அவன் பத்தாவது வரை படித்தவன், படித்தால் புரிந்திருக்கும். நீட்டியது நான் என்பதால் படிக்கவில்லை. நான் காட்டிய இடத்தில் போட்டான். போட்டுவிட்டு, “சாப்பிட்டீங்களாங்க சார்? முகம் நல்லா இல்லீங்களே” என்றான்.

ஏமாற்றித்தான் கையெழுத்து வாங்கினேன். அதற்கு வேறு நாகரிகமான பெயரெல்லாம் வைக்க எனக்கு மனமில்லை. பழம் வாங்க நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் கொய்யா குவிந்து கிடந்தது. பழத்தோடு போயிருந்தால் அவனுக்கு உடனே தெரிந்திருக்கும், முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அதனால் வாங்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு ரோஷனின் பெயர் மங்கியது. ஸ்ட்ரைக்கர் பெயர் ஏறியது. கோச் வந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறான். ஓரமாகக் கூப்பிட்டேன். “இன்னொரு எடத்துல இதைவிட நல்லா வருவே” என்று தொடங்கினேன். அவனும் மூன்று வருடம் எங்கள் ஹாஸ்டலில் இருந்தவன். அந்த வாக்கியத்தைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தான். காலியாக இருந்தன.

“எனக்குப் பழம் இல்லீங்களா சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவனே கையுறையைக் கழற்றினான். ஜெர்சியை மடித்துக் கொடுத்தான், சாவியைக் கொடுத்தான், டாக்டரிடம் போய்க் காலைக் காட்டிவிட்டு வந்தான். கேண்டீனில் இலை போடச் சொன்னேன். பசி இல்லீங்க என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாலையில் படிவத்தில் மற்றதற்கெல்லாம் டிக் போட்டேன். சாப்பிடாததற்கும் கூச்சமில்லாமல் போட்டேன். பழத்துக்கு நேரே வரும்போது பேனா நின்றுவிட்டது. அதுதான் அம்மணி, நீங்கள் பார்த்த கட்டம்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ ஒரு கணக்கில் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒருத்தனைக் கெடுத்தாலும் ஒருத்தன் கல்யாணத்தைக் காப்பாற்றினோம் என்று. ஆவணியில் பூபதி கல்யாணம். போயிருந்தேன். பந்தியில் மீசைக்காரத் தாய்மாமன் எனக்குப் பக்கத்து இலை. மாப்பிள்ளை இந்த வருடமும் எங்களோடுதான் இருக்கிறார் என்று பெருமையாக ஆரம்பித்தேன்.

“அதுதானுங்க எங்களுக்கு ஒரே ரோசனையா இருந்துச்சு” என்றார் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. “இத்தனை தோப்பை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருசம் பந்து ஒதைச்சுக்கிட்டிருப்பாருன்னு அன்னிக்கு உங்ககிட்டக் கேட்டேன். நீங்க எங்கயும் போக மாட்டாருன்னு சொல்லிப்போட்டீங்க. எங்க மாப்ளைக்கு, அதான் பொண்ணோட அப்பாவுக்கு, ஒரு மாசம் மனசே சரியில்லீங்க. கொணம் நல்லா இருக்குதேன்னுதான் பொறவு சம்மதிச்சாரு.”

எனக்கு இலையில் இருந்தது எதுவும் தெரியவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் அன்றைக்கே தட்டை மாற்றியிருப்பார்கள்! என் பொய்தான் கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறது! அப்படியானால் ரோஷனை நான் எதற்காக அனுப்பினேன்? அடுத்த வருடம் முழங்கால் முடியாமல் பூபதி தானாகவே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ரயிலில் வந்த ஸ்ட்ரைக்கர் மூன்றாவது ஆட்டத்தில் தொடை பிடித்துக்கொண்டு படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் ஒருத்தனுக்குத் துரோகம் செய்திருக்கிறேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து எம்.டி. உடம்புக்கு முடியாமல் ஒதுங்கினார். கிளப் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. அவர்களுக்கு அட்டையும் வேண்டாம், மோரும் வேண்டாம். ஒரு காலையில் என் செல்லில் ஈமெயில் வந்தது. என் நீண்ட சேவைக்கு நன்றி என்று நாலு வரி. ஆட்களை அனுப்புகிற ஆளையும் அனுப்பிவிட்டார்கள். அதைப் பதினைந்து தடவை படித்தேன். வேண்டாம் என்ற சொல் அதிலும் இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. சீசன் லீவு என்று என் மனைவி சரசுவிடம் சொன்னேன். லீவு மூன்று வாரமாக நீண்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது ரோஷன். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். கையில் ஒரு பை. மேலே மாதுளை தெரிந்தது. அவன் ஊருக்குப் போகவே இல்லையாம். பூபதி கூட்டிக்கொண்டு போய்த் தன் சிநேகிதனுடைய டர்ஃப் மைதானத்தில் சேர்த்துவிட்டானாம். பிள்ளைகளுக்குக் கோல் பிடிக்கச் சொல்லித் தருகிறான். நான் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டிய இடம். பூபதி பார்த்துக் கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் யாருக்குப் பதிலாகத் தன்னை அனுப்பினேன் என்பதும் இவனுக்குத் தெரியும்.

“உங்களை ரிலீஸ் பண்ணிட்டாங்கன்னு பூபதி சொன்னாருங்க” என்றான். “மெயில்ல சொன்னாங்களாமுங்க. அது தப்புங்களே சார். ஊட்டுக்கு வந்துதானுங்களே சொல்லோணும். அதான் நான் வந்தேனுங்க.”

பையை இரண்டு கையாலும் நீட்டினான். குத்திக்காட்ட வந்தானா, மன்னிக்க வந்தானா? அந்த முகத்தை எத்தனை உற்றுப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

சத்தம் கேட்டுச் சரசு வெளியே வந்தாள். பழத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “ஏனுங்க, என்ன விசேசமுங்க? தம்பிக்குக் கல்யாணமுங்களா?”

ரோஷன் என்னைப் பார்த்தான். மழை, தேங்காய், சர்க்கரை, எதுவும் என் வாயில் வரவில்லை.

“சரசு, என்னை வேலைக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றேன். முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை நான் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் என்னைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“அதுக்கெதுக்குங்க பழம்?”

நானும் ரோஷனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் இரண்டு இலை போட்டாள். அன்றைக்கு ரோஷன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நிவேதா அம்மணி, அந்தச் சாப்பாட்டு டிக்கை வேண்டுமானால் அப்படியே விடுங்கள், தாமதமாகவாவது உண்மையாகிவிட்டது. பழக் கட்டத்தில் மட்டும் நீங்களாக எதுவும் போட்டுவிடாதீர்கள். காலியாகவே ஏற்றிவிடுங்கள்.